டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

(திரையில்: ஒரு ஹோஸ்டிங் பேக்கேஜின் பில்)

இந்த பில்லைப் பாருங்கள். ஹோஸ்டிங்கோடு, அதாவது வெப்சைட்டை வைக்கும் இடத்தோடு, டொமைன் என்ற இணைய முகவரியும் ஒரு வருடம் இலவசம், ஈமெயில் இலவசம், தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழ் இலவசம், பேக்கப்பும் உண்டு. புதிதாகக் கடை தொடங்குகிறவருக்கு இது நல்ல வசதிதான். ஒரே லாகின், ஒரே பில். ஏதாவது நின்றுபோனால் ஒரே இடத்தில் கேட்டால் போதும்.

எஸ்எஸ்எல்லுக்காக மட்டும் எந்தப் பேக்கேஜையும் வாங்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை 2015 டிசம்பரிலிருந்து யார் கேட்டாலும் இலவசமாகவே கொடுக்கிறது. டொமைனுக்கு இரண்டாம் வருடம் என்ன கட்டணம் என்பதையும் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

சரி, டொமைனுக்கு வருவோம். என் அக்கா ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். வெப்சைட் செய்து கொடுத்தவரே பேக்கேஜையும் வாங்கி, டொமைனைத் தன் ஈமெயிலில் பதிந்துவிட்டார். வருடம் முடிந்தபோது புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் அவருக்கே போயின. ஒரு நாள் காலையில் மொத்த வியாபாரி ஒருவர் அக்காவுக்குப் போன் செய்து, "என்னம்மா, ஆர்டர் மெயில் திரும்பி வருதே?" என்றார். திறந்து பார்த்தால் சைட்டும் இல்லை. பேக்கேஜில் எத்தனை சாமான் இருந்தாலும், எல்லாம் அந்த ஒரு டொமைனில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

(திரையில்: காலக்கோடு)

டாட் காம் டொமைன் காலாவதியானதும் உடனே கைவிட்டுப் போகாது. முதலில் 45 நாள் வரை சாதாரணமாகப் புதுப்பிக்க விடலாம். எத்தனை நாள் என்பது டொமைனைப் பதிந்து கொடுத்த நிறுவனத்தைப் பொறுத்தது. பிறகு 30 நாள் மீட்புக் காலம், இதில் கூடுதல் தொகை கேட்பார்கள். அதன்பின் 5 நாள் யாரும் தொட முடியாது. அப்புறம் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் வெப்சைட் செய்தவரைத் தேடிப் பிடித்து, மீட்புக் காலத்தில் பணம் கட்டித் திரும்ப வாங்கினோம்.

(திரையில்: கணக்கில் ரெஜிஸ்ட்ரன்ட் பக்கம்)

உங்கள் கணக்கிலும் இந்தப் பக்கத்தைத் திறந்து, ரெஜிஸ்ட்ரன்ட், அதாவது டொமைனின் உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர், யார் ஈமெயில் என்று பாருங்கள். வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமென்றால் ஆத் கோட், அதாவது டொமைனை மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டைக் கேளுங்கள். டொமைன்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பின் விதிப்படி, கேட்ட 5 நாளுக்குள் அது உங்கள் கைக்கு வர வேண்டும். டொமைன் பதிந்த முதல் 60 நாளில் மாற்ற விடாமல் இருக்கலாம்.

இன்னொன்று. ரெஜிஸ்ட்ரன்ட் ஈமெயிலாகக் கடை டொமைனிலேயே உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் அந்த மெயிலும் நின்றுவிடும், எச்சரிக்கை வந்து சேராது. அக்கா இப்போது தன் சொந்த ஜிமெயிலைக் கொடுத்திருக்கிறார்.