முளையைப் பார்க்கும் கண்

(ஹியூஸ்டன் வட்டாரம் சுகர்லேண்டில் நடந்த தமிழர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, இலக்கியமும் பட்டிமன்றமும் நடக்கும் மேடையில் பேஸ்பாலுக்கும் இடம் கொடுத்த செயலாளர் அவர்களே, வாரந்தோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தரும் தமிழ்ப்பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, சம்பளம் வாங்காமல் டெக்சஸ் வெயிலில் நின்று பிள்ளைகளுக்குப் பந்து போடும் பயிற்சியாளர் பெருமக்களே, பெற்றோர்களே, பின்வரிசையில் அணித் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் பணிவான வணக்கம்.

எலும்பு மருத்துவர் ஐயா மேடைக்கு அழைத்தும் வராமல் முன்வரிசையிலேயே அமர்ந்துவிட்டார். இளம் பேஸ்பால் ஆட்டக்காரர்களைத் தரம் பார்த்து வரிசைப்படுத்துவது பற்றியது இந்தப் பேச்சு; பந்து எறியும் கையைப் பற்றிய பிற்பாதி அவருடைய துறை. பிழை கண்டால் உடனே எழுந்து திருத்தும்படி உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். பொன்னாடை போர்த்திய துணைத்தலைவர் அவர்களுக்கும் நன்றி.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். பேஸ்பாலில் இந்தப் பழமொழியின் மேல் ஒரு பெரிய தொழிலே நடக்கிறது. ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே, மேஜர் லீக் என்ற உச்ச லீக்கில் ஆடுகிறவர்களை நமக்குத் தெரியும். அவர்களுக்குக் கீழே மைனர் லீக் என்ற வளர்ப்பு அணிகள், நான்கு படிகள். டிரிப்பிள்-ஏ படி நம் ஊரிலேயே இருக்கிறது, ஸ்பேஸ் கௌபாய்ஸ். அதற்குக் கீழே கார்பஸ் கிறிஸ்டியில் டபுள்-ஏ, வட கரோலினாவின் ஆஷ்வில்லில் ஹை-ஏ, அதே மாநிலத்து ஃபயட்வில்லில் சிங்கிள்-ஏ. இவற்றுக்கும் அடியில் ஃப்ளோரிடாவில் ஒரு பயிற்சி லீக், டொமினிகன் குடியரசில் ஒரு கோடை லீக். அமெரிக்க மண்ணில் மட்டும் ஓர் அணி தன் மைனர் லீக் கணக்கில் 165 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். அந்தக் கூட்டத்திலிருந்து முப்பது பேரைப் பொறுக்கி, ஒன்றிலிருந்து முப்பது வரை வரிசைப்படுத்துவதுதான் நாம் பேச வந்த வேலை.

ஐந்து செய்திகள் சொல்ல நினைத்திருக்கிறேன். தர எண், வயதும் படியும், மைதானம் புள்ளிவிவரத்தைத் திரிக்கும் விதம், ஆடும் இடத்தின் மதிப்பு, வீரர் பரிமாற்றத்தில் இந்த இளைஞர்களுக்குக் கிடைக்கும் விலை.

முதலில் பட்டியலில் யாரைச் சேர்க்கலாம் என்ற எல்லை. மேஜர் லீக்கில் மட்டை பிடிக்கும் பேட்டர் 130 அட்-பேட், அதாவது அடிக்க நின்ற முறை, தாண்டினாலோ, பந்து எறியும் பிட்சர் 50 இன்னிங்ஸ் தாண்டினாலோ, யாராக இருந்தாலும் 45 நாளுக்கு மேல் மேலணிப் பட்டியலில் இருந்தாலோ அவர் புதுமுகம் இல்லை. அவர் பெயரை எடுத்துவிட வேண்டும்.

இனி தர எண். திறமை தேடி அலையும் ஸ்கவுட்டுகள் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுகிறார்கள். நூற்றுக்கு எத்தனை என்று பள்ளிக்கூடத்தில் போடுகிற மார்க் அல்ல இது. 50 என்றால் மேஜர் லீக்கின் சராசரி ஆட்டக்காரன். ஒவ்வொரு பத்தும் ஒரு திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றி எண்கள் பரவும் அளவு. அதனால் 60க்கு மேல் போகிறவர் ஆறில் ஒருவர், 70க்கு மேல் நாற்பதில் ஒருவர், 80 என்பது ஆயிரத்தில் ஒருவர். 'என் பையனுக்கு 50தானா' என்று முகம் வாடும் பெற்றோருக்குச் சொல்கிறேன், மேஜர் லீக் சராசரி என்பது உலகத்திலேயே சில நூறு பேர் எட்டிய உயரம்.

பேட்டருக்கு ஐந்து திறன்கள்: பந்தைத் தொடுவது, வலு, ஓட்டம், தடுப்பு, எறியும் கை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண். 30/55 என்றால் இன்று 30, வளர்ந்தால் 55. ஓட்டம்தான் அளக்க எளிது. மட்டையில் பந்து படும் கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தி, முதல் பேஸைக் கால் தொடும்போது நிறுத்த வேண்டும். வலக்கை பேட்டருக்கு 4.3 விநாடி, இடக்கை பேட்டருக்கு 4.2 விநாடி, இதுதான் 50. பதறிய விரல் பத்தில் ஒரு விநாடி பிந்தினால் தரம் அப்படியே ஒரு படி மாறிவிடும். பந்தை மெல்லத் தட்டிவிடும் பன்ட் அடித்து ஓடியதையும், பந்து பிடிபடும் என்று தெரிந்து பாதியில் தளர்ந்து ஓடியதையும் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஒரே ஓட்டத்தை வைத்து எழுதாதீர்கள், குறைந்தது நான்கைந்து வேண்டும். பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சரின் எறிவுக்கும் கடிகாரம்தான். பந்து அவர் கையுறையில் விழுந்ததிலிருந்து இரண்டாம் பேஸ் கையுறையில் விழும்வரை ஏறக்குறைய 2 விநாடி சராசரி, 1.9 நல்ல கை.

வலுவைப் பார்க்கும்போது ஏமாறுகிறவர்கள் பலர். பயிற்சி அடியில் வேலிக்கு வெளியே பறக்கவிடுவது ஒரு எண், ஆட்டத்தில் அடிப்பது வேறு எண். இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். எல்லாவற்றிலும் கடினம் பந்தைத் தொடும் திறன். பயிற்சியில் வரும் மெதுவான பந்தில் அது தெரியவே தெரியாது. வலக்கை பேட்டரானால் முதல் பேஸ் பக்கம் போய் உட்காருங்கள். அங்கிருந்துதான் அவர் மார்பும் கையும் தெரியும். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் ஸ்ட்ரைக்கவுட், ஆட்டமிழப்பு; இரண்டு ஸ்ட்ரைக் ஆனபிறகு வளைந்து வெளியே போகும் பந்துக்கு மட்டையை நிறுத்துகிறாரா, துரத்துகிறாரா என்று எண்ணுங்கள். ஹை-ஏ படியிலேயே நூற்றுக்கு முப்பது தடவை ஸ்ட்ரைக்கவுட் ஆகிறவருக்கு எவ்வளவு வலு இருந்தாலும் முதல் ஐந்துக்குள் வைக்க எனக்கு மனம் வராது. மேலே வரும் பிட்சர்கள் அந்த ஓட்டையை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்றேன். முளையைப் பார்க்கத் தெரிந்த கண்ணும் வேண்டுமல்லவா? வெனிசுவேலாவில் மரகாய் என்ற ஊருக்கு வாருங்கள். ஆஸ்ட்ரோஸ் அணி அங்கே பையன்களைப் பார்க்கத் தேர்வு நடத்துகிறது. உயரமான பையன்கள், தோள் அகன்ற பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். நடுவில் ஒருவன், பதினாறு வயது, மற்றவர்களின் தோளுக்குத்தான் வருவான். ஸ்கவுட்டுகள் பார்த்தார்கள். இவ்வளவு குள்ளமா? சொல்கிற வயதும் சரிதானா? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்டத்தைப் பார்த்து அனுப்பவில்லை, உயரத்தைப் பார்த்து அனுப்பினார்கள்.

வேறொருவனாக இருந்தால் அழுதுவிட்டுப் படுத்திருப்பான். அந்த வீட்டில் ஓர் அப்பா இருந்தார். மறுபடி போ என்றார். மறுநாள் காலை அந்தப் பையன் பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு அதே மைதானத்தின் வாசலில் போய் நின்றான். பெற்றோர்களே, அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நேற்று 'போ' என்று சொன்ன இடம். இன்று அதே இடம், அதே முகங்கள். அங்கே அல் பெட்ரிக் என்ற ஆஸ்ட்ரோஸ் அதிகாரி இருந்தார். அவர் உயரத்தை விட்டுவிட்டு மட்டையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ஆட விட்டுப் பார்த்தார். இவனை எடுங்கள் என்று மேலே வாதாடினார். 2007இல் ஒப்பந்தம் ஆனது. தொகை 15,000 டாலர். லட்சக்கணக்கில் டாலர் வாங்கும் பையன்கள் இருக்கும் சந்தையில் அது சில்லறைக் காசு.

அந்தப் பையன்தான் ஹோசே அல்ட்டூவே! உயரம் 5 அடி 6 அங்குலம். 2011இல் மேஜர் லீக்குக்கு வந்தார். 2014 முதல் 2017 வரை ஒவ்வொரு ஆண்டும் 200 ஹிட்டுக்கு, அதாவது பேஸை எட்டித்தந்த அடிகளுக்கு, குறையவில்லை. மூன்று பேட்டிங் பட்டங்கள். 2017இல் அமெரிக்கன் லீக்கின் மதிப்புமிக்க வீரர். முளை அன்றைக்கும் அங்கேதான் இருந்தது. முதல் நாள் பார்த்தவர்கள் அதன் உயரத்தை மட்டும் அளந்தார்கள். ஆகவே பட்டியல் போடுகிறவர்களே, உடலுக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள், ஆனால் அதையே தர எண்ணாக்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, வயதும் படியும். 24 வயதில் சிங்கிள்-ஏ படியில் .320 சராசரியில், அதாவது ஆயிரம் அட்-பேட்டுக்கு 320 ஹிட் என்ற கணக்கில், அடிப்பதைவிட 19 வயதில் டபுள்-ஏ படியில் .250 அடிப்பது பெரிய செய்தி. முதலாமவர் தன்னைவிடச் சின்னப் பையன்களோடு ஆடுகிறார், இரண்டாமவர் வளர்ந்த ஆண்களோடு. புள்ளிவிவரத்தைப் பார்க்குமுன் பிறந்த தேதியைப் பாருங்கள்.

மூன்றாவது, மைதானம். ஆஷ்வில்லில் வலது வேலி வெறும் 297 அடியில் இருக்கிறது. மலைப்பாங்கான ஊர் வேறு. இடக்கை பேட்டர் அங்கே வேலி தாண்டி அடித்த ஹோம்ரன்களில் எத்தனை மற்ற மைதானங்களில் வெறும் கேட்ச் ஆகியிருக்கும் என்று பார்க்க, உள்ளூர்–வெளியூர் எண்களைப் பிரித்து எழுதுங்கள். நம் சுகர்லேண்ட் அணி ஆடும் பசிபிக் கோஸ்ட் லீக்கில் ஆல்புகர்க்கி கடல்மட்டத்துக்கு மேல் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து கூடுதலாகப் பறக்கும், வளைய வேண்டிய பந்து வளையாது. அங்கே அடி வாங்கிய பிட்சரை அவசரப்பட்டுக் கீழே தள்ளாதீர்கள். ஸ்ட்ரைக்கவுட் கணக்கையும், நான்கு தவறான பந்துக்கு பேஸை இலவசமாகக் கொடுக்கும் வாக் கணக்கையும் பாருங்கள், அவற்றை வேலியால் மாற்ற முடியாது.

அதேபோல் பழைய எண்ணத்தையும் ஆண்டுதோறும் திருத்த வேண்டும். ஜே.டி. மார்ட்டினெஸ் என்ற பேட்டர், அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்ட்டில் 2009இல் ஆஸ்ட்ரோஸ் இருபதாவது சுற்றில் எடுத்தவர். மட்டை வீச்சை முழுக்க மாற்றிக்கொண்டு 2014இல் பயிற்சிக்கு வந்தார். அணி பழைய வீச்சின் மதிப்பெண்ணையே நம்பி மார்ச் மாதம் விடுவித்தது. 2018இல் பாஸ்டனுக்கு 43 ஹோம்ரன் அடித்தார்.

ஆடும் இடத்தைப் பற்றியும் பரிமாற்ற விலையைப் பற்றியும் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்த இரண்டையும் இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். எதைச் சொல்ல வந்தேனோ அதைச் சொல்லாமல் இறங்க முடியாது. பிட்சரின் கை!

பிட்சருக்குத் தரம் போடும்போது முதலில் எழுதுவது வேகப்பந்து. 2008இல் மேஜர் லீக் சராசரி மணிக்கு ஏறக்குறைய 92 மைல். இப்போது 94ஐத் தாண்டிவிட்டது. அன்று 50 வாங்கிய கைக்கு இன்று 50 கிடைக்காது. அளவுகோல் ஏற ஏற, பதினைந்து வயதுப் பையன்களும் ஏறப் பார்க்கிறார்கள். மேஜர், மைனர் லீக்குகளில் முழங்கை தசைநார் மாற்று அறுவை, டாமி ஜான் சர்ஜரி என்கிறோமே, அது 2010இல் 104, 2024இல் 281. மேஜர் லீக் நிர்வாகமே வெளியிட்ட ஆய்வின் கணக்கு இது. வேகத்துக்கும் சுழற்சிக்கும் முழு பலத்தோடு ஒவ்வொரு பந்தையும் எறிவதே முக்கியக் காரணம் என்று அந்த ஆய்வு சொல்கிறது.

2014 டிராஃப்ட்டில் ஆஸ்ட்ரோஸ் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது ப்ரேடி எய்க்கன் என்ற இடக்கை பிட்சரை. பள்ளி முடித்த பையன். 65 லட்சம் டாலருக்குப் பேச்சு முடிந்திருந்தது. மருத்துவப் பரிசோதனையில் முழங்கைத் தசைநாரைப் பற்றி அணிக்குச் சந்தேகம் வந்தது, தொகையைக் குறைத்தார்கள், ஒப்பந்தம் நடக்கவில்லை. மறு மார்ச்சில் அதே முழங்கைக்கு அறுவை. பிறகு கிளீவ்லண்ட் எடுத்தது. மேஜர் லீக் மைதானத்தில் அவர் ஒரு பந்துகூட எறியவில்லை. விளையும் பயிர் முளையிலே தெரியும், சரி. முளையைப் பிடித்து இழுத்தால் பயிர் எங்கே வளரும்?

அதனால் பட்டியலில் ஒரே எதிர்காலத் தரம் உள்ள பேட்டரும் பிட்சரும் வந்தால், பேட்டரை மேலே வையுங்கள். பிட்சருக்குப் பக்கத்தில் போன ஆண்டு எத்தனை இன்னிங்ஸ், இந்த ஆண்டு எத்தனை, கை வலியால் எத்தனை வாரம் உட்கார்ந்தார் என்று எழுதுங்கள். முந்திய ஆட்டத்தைவிட வேகம் இரண்டு மைல் குறைந்து, பந்து தொடர்ந்து உயரப் போனால் சிவப்பு மையில் குறியுங்கள்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பால் என்ற அமைப்பும் சேர்ந்து 'பிட்ச் ஸ்மார்ட்' என்று ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. ஒரு நாளில் 7, 8 வயதுக்கு 50 பந்து; 9, 10க்கு 75; 11, 12க்கு 85; 13 முதல் 16 வரை 95; 17, 18க்கு 105. பதினான்கு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் 21 பந்து எறிந்தால் ஒரு நாள் ஓய்வு, 36 எறிந்தால் இரண்டு நாள், 51 எறிந்தால் மூன்று நாள், 66 எறிந்தால் நான்கு நாள். 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் ஆண்டில் நான்கு மாதமாவது எறியவே கூடாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

விதி இருக்கிறதே, பிறகென்ன என்பீர்கள். பையன் சனிக்கிழமை உள்ளூர் அணிக்கு 70 பந்து எறிகிறான். ஞாயிற்றுக்கிழமை, ஊர் ஊராகப் போய் ஆடும் பயண அணிக்கு 60. இரண்டு பயிற்சியாளர்களும் தங்கள் கணக்கில் விதியை மீறவில்லை. கை ஒன்றுதானே! அந்த ஒரே கையின் மொத்தக் கணக்கு யாரிடமும் இல்லை. எறிந்து முடித்த பையனை அப்படியே கேட்சராக நிறுத்தினால் இன்னும் நூறு எறிவு கூடுகிறது. முழங்கையின் உட்புறம் வலிக்கிறது என்று சொன்னால் அவனை உட்கார வைத்துவிடுவார்களோ என்று அவனும் சொல்வதில்லை. வளரும் எலும்பின் நுனியில் குருத்தெலும்பு இன்னும் கெட்டியாகவில்லை. மருத்துவர் ஐயா தலையசைக்கிறார், நன்றி ஐயா.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஒரு தீர்மானம் வைக்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு நோட்டு. தேதி, எந்த அணி, எத்தனை பந்து, அன்று கேட்சராகவும் நின்றானா, மறுநாள் காலை வலி உண்டா என்று ஐந்து கட்டங்கள். எழுதுவது பெற்றோர். எந்த அணிக்குப் போனாலும் நோட்டும் கூடப் போகும். நோட்டைப் பார்க்காமல் எந்தப் பயிற்சியாளரும் பிள்ளையிடம் பந்தைக் கொடுப்பதில்லை.

செயலாளர் அவர்கள் நோட்டுகளை அச்சடித்து வாசல் மேசையில் அடுக்கி வைத்திருக்கிறார். பக்கத்தில் கையெழுத்துத் தாளும் இருக்கிறது. பயிற்சியாளர் பெருமக்கள் முதலில் கையெழுத்திட வேண்டும், பெற்றோர்கள் ஆளுக்கொரு நோட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு அணியில் ஆடும் பிள்ளை இருந்தால், போன வாரக் கணக்கை இன்றிரவே அவனிடம் கேட்டு முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். வணக்கம்.