கட்டியகாரன் முன்னே நடக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் போயிருப்பீர்கள். வாகன உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே கோபுரத்தோடு ஒரு கட்டடம் நிற்கும். அதுதான் டவர் ஹோல். 1911ஆம் ஆண்டு டிசம்பரில், ஹென்ட்ரிக் செனவிரத்ன என்ற வர்த்தகர் கட்டிய அந்த அரங்கு 'பண்டுகாபய' என்ற நாடகத்தோடு திறந்தது. கொழும்பில் வளரும் எங்கள் பிள்ளைகள் அதைப் பஸ் ஜன்னலால் எத்தனையோ தடவை பார்க்கிறார்கள். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால் தெரியாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதற்காகத்தான் நாடகத்தில் ஈடுபாடுள்ள சிலர் சேர்ந்து ஒரு புதிர்நடை தயாரிக்கிறோம். ஐந்தைந்து பேராக மாணவர்கள் நடந்து போவார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு புதிர். அதை அவிழ்த்தால் அடுத்த இடம் எது என்று தெரியவரும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நல்ல புதிர் அமைப்பது நாடகம் எழுதுவதற்குச் சற்றும் குறைந்த வேலை இல்லை.

முதலில் ஒன்றை முடிவு செய்தோம். கைபேசியில் விடை கிடைக்கிற கேள்வி எதுவும் வேண்டாம். 'இந்த அரங்கு எந்த ஆண்டில் திறந்தது' என்று கேட்டால் பிள்ளை குனிந்து திரையைத் தடவும், விடையைச் சொல்லும், கட்டடத்தை நிமிர்ந்தே பார்க்காது. அப்படியென்றால் வீட்டிலேயே இருந்திருக்கலாமே. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் அந்தக் காலத்து நாடகக்காரர் செய்த வேலை ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். அதைச் செய்து முடித்தால்தான் விடை வரும்.

டவர் ஹோலையே எடுத்துக்கொள்வோம். அது திறந்த நாட்களில் மேடையில் ஒலிவாங்கி கிடையாது. கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். அங்கே குழுவில் ஒருவர் சுவரோரமாக நிற்பார், கையில் நான்கடிப் பாட்டு. மற்றவர்கள் இருபது அடி தள்ளி நடைபாதையில் நிற்பார்கள். பாட்டில் அடுத்த இடத்தின் பெயர் ஒளிந்திருக்கும். எழுதியதைக் காட்டக் கூடாது, குரலால் மட்டுமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பக்கத்தில் ஓட்டோவும் பஸ்ஸும் ஓயாது. முதலில் எல்லாரும் கத்துவார்கள். தொண்டை கட்டுமே தவிர சொல் போய்ச் சேராது. பிறகு யாராவது ஒருவர் நிதானிப்பார். சொல்லை நீட்டி, குரலை ஒரு சுருதியில் ஏற்றி, பாடுவதுபோல இழுத்துச் சொல்லிப் பார்ப்பார். எதிரே நிற்பவர் எழுதத் தொடங்குவார். அந்தக் காலத்துச் சிங்கள இசை நாடகமான நூர்த்தியில் ஏன் அத்தனை பாட்டு, ஏன் அந்த உச்சக் குரல் என்பதற்கான காரணங்களில் ஒன்று அப்போது பிள்ளைக்குத் தன் தொண்டையாலேயே விளங்கும். நூர்த்தி நாடகாசிரியர் ஜோன் டி சில்வா தன் நாடகங்களுக்கு இசையமைக்க இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லவ்ஜியை ஏன் வரவழைத்தார் என்று அதற்குப் பிறகு சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

நடையின் ஒழுங்கைக் கூத்திலிருந்தே எடுத்தோம். கூத்தில் காப்புப் பாடுவார்கள், கட்டியகாரன் வருவான், அரசன் வரப்போகிறான் என்று சபைக்கு அறிவிப்பான். அதன் பிறகு ஒவ்வொரு பாத்திரமும் வரவுப் பாட்டோடு தன்னை அறிமுகம் செய்துகொண்டு களரி என்னும் ஆடுகளத்துக்குள் வரும். எங்கள் குழுக்களிலும் ஒருவர் கட்டியகாரன். புதிர் அவரிடம்தான் இருக்கும், முன்னே நடப்பவரும் அவர்தான். ஒவ்வோர் இடத்திலும் வேறொருவர் கட்டியகாரனாக மாறுவார். இந்த மாற்றம் முக்கியம். இல்லாவிட்டால் வாய் கெட்டிக்காரப் பிள்ளை முழு நடையையும் தன் கையில் எடுத்துக்கொள்ளும், கூச்சமுள்ள பிள்ளை பின்னால் இழுபட்டு வரும்.

சரி, எங்கே தொடங்குவது? இதில்தான் எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. டவர் ஹோலிலேயே தொடங்கலாம், கட்டடம் கண்முன்னே இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். நான் ஜிந்துப்பிட்டி என்று நின்றேன். ஜிந்துப்பிட்டியும் கொட்டாஞ்சேனையும் செட்டியார் தெருவும் சேர்ந்த அந்த வட்டாரம் கொழும்புத் தமிழ் நாடகத்தின் பழைய வீடு. கப்பலேறி வந்த கம்பெனிகளும் உள்ளூர்ச் சபாக்களும் அங்கே ஆடியிருக்கின்றன. சென்னை நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் தன் சுகுண விலாச சபையோடு கொழும்புக்கு வந்து நாடகம் போட்டதும், அந்த உற்சாகத்தில் கலையரசு சொர்ணலிங்கம் போன்றவர்கள் இங்கே இலங்கை சுபோத விலாச சபையைத் தொடங்கியதும் தமிழ் நாடக வரலாற்றில் பேசப்படுகிற செய்திகள். இந்தக் கதையைச் சொல்ல நின்று பார்க்கத்தக்க பலகை ஒன்றும் அந்தத் தெருக்களில் என் கண்ணில் படவில்லை. கட்டடம் நிற்கிற இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் எங்கள் பங்கு வரைபடத்திலேயே விழாது. அதனால்தான் பிடிவாதம் பிடித்தேன்.

பலகை இல்லாத இடத்தில் புதிரை எதில் கட்டுவது? மனிதர்களில்தான். அங்கே நெடுங்காலம் வாழும் சில பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசி, சம்மதம் வாங்கி, அவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து வைக்கிறோம். பிள்ளைகள் கடைப்படியில் நின்று, 'ஐயா, இங்கே முன்பு நாடகம் பார்த்திருக்கிறீர்களா?' என்று கேட்க வேண்டும். அவர் உடனே சொல்லைத் தரமாட்டார். முதலில் தான் பார்த்ததைச் சொல்வார். முழுவதும் இருந்து கேட்டால்தான் சொல் கிடைக்கும். எங்கள் புதிர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அங்கிருந்து டவர் ஹோலுக்கும், பிறகு மருதானை எல்பின்ஸ்டன் அரங்குக்கும் நடை. இந்தப் பகுதியில் புதிர்த் தாளைப் பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் எழுதுகிறோம். ஒவ்வொரு குழுவிலும் இரு மொழிப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. இதற்கு வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகளின் வரைந்த திரையும் ஆர்மோனியமும் சிங்கள நூர்த்தியையும் உருவாக்கின, தமிழ் இசை நாடகத்திலும் படிந்தன. அதற்கு முந்திய, 'நாடகம' எனப்படும் சிங்களக் கூத்தோ தமிழ்க் கூத்திலிருந்து கரையோரக் கத்தோலிக்க ஊர்கள் வழியாகப் போன வடிவம்.

இரண்டாம் பாதியை இன்னொரு நாள் மாலைக்கு வைத்திருக்கிறோம், கறுவாத்தோட்டத்தில். கொழும்பு வெயிலில் பிள்ளைகளை அதற்கு மேல் நடத்தக் கூடாது. முதல் பாதி ஞாயிறு விடியற்காலை, கடைகள் திறக்காத நேரம். தண்ணீர், கழிவறை, எந்தக் கடவையில் வீதியைக் கடப்பது என்பதெல்லாம் புதிருக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டன.

கறுவாத்தோட்டத்தில் முக்கியமான இடம் 1953இல் திறந்த லயனல் வென்ட் அரங்கு. 1956 நவம்பர் 3ஆம் திகதி எதிரிவீர சரத்சந்திரவின் 'மனமே' அங்கேதான் முதலில் மேடையேறியது. தனிச் சிங்களச் சட்டம் வந்த அதே ஆண்டில், சிங்கள அரங்கின் பெரும் சாதனை என்று போற்றப்படும் நாடகம், தமிழ்க் கூத்தோடு உறவுள்ள நாடகம வடிவத்தில் எழுந்து நின்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடைக்குக் கொண்டுவந்தார். இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. அரங்கு வாசலில் குழுவுக்கு இரண்டு மெட்டுகள் ஒலிக்கும், ஒன்று சிங்கள நாடகமவிலிருந்து, மற்றது தமிழ்க் கூத்திலிருந்து. எது எந்த மொழி என்று தெரியாதபடி சொல்லை நீக்கி வைத்திருக்கிறோம். தாளத்தைக் கைதட்டிக் காட்டினால் அடுத்த இடம் திறக்கும்.

கடைசி நிறுத்தம் சுதந்திர சதுக்கத்து வானொலி நிலையம். சானா என்று எல்லாரும் அழைத்த சண்முகநாதன் தயாரித்த வானொலி நாடகங்களுக்காக வீடு வீடாக மக்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த காலம் இருந்தது. திரையும் ஒப்பனையும் இல்லாத அதுவும் மேடைதான்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜிந்துப்பிட்டியில், கொட்டாஞ்சேனையில், பம்பலப்பிட்டியில், வெள்ளவத்தையில் நீங்களோ உங்கள் பெற்றோரோ நாடகம் பார்த்த இடம் ஏதாவது நினைவில் இருந்தால் இந்த நிகழ்ச்சியின் முகவரிக்கு எழுதுங்கள். எந்தச் சந்தி, எந்தப் பக்கம், இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று இரண்டு வரி போதும். பழைய நோட்டீஸோ நுழைவுச்சீட்டோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், அசலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் இன்னும் இரண்டு நிறுத்தங்களுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.