ஓட்டில் தோற்று யூனிட்டில் வென்றவர்: ஜார்ஜியா, 1946

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1946-ல் நடந்த ஆளுநர் தேர்தல் என்றதும், ‘ஒரே சமயத்தில் மூன்று ஆளுநர்கள்’ என்ற வேடிக்கையைத்தான் எல்லோரும் கேட்பார்கள். அதற்கு வருகிறேன். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அங்கே ஆளுநர் நியமனப் பதவி அல்ல, மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிற பதவி.

அன்று அங்கே குடியரசுக் கட்சி பெயருக்குத்தான் இருந்தது. ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஜெயிப்பவரே ஆளுநர். நவம்பர் பொதுத் தேர்தல் ஒரு சடங்கு. அந்த உட்கட்சித் தேர்தல் 1917-ம் ஆண்டின் நீல் சட்டப்படி நடந்தது. மாநிலத்தில் மொத்தம் 159 கவுண்டிகள், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் இத்தனை ‘யூனிட்’ என்று கணக்கு. யூனிட் அதிகம் பெற்றவரே வென்றவர். மக்கள்தொகையில் முதல் 8 கவுண்டிகளுக்குத் தலா 6 யூனிட், அடுத்த 30-க்குத் தலா 4, மிச்சம் 121-க்குத் தலா 2. ஆக 410, பெரும்பான்மைக்கு 206. கவுண்டியில் யார் முதலிடமோ அவருக்கே அதன் யூனிட் முழுவதும்.

இதில் சூட்சுமம் எங்கே? அட்லாண்டா நகரம் அடங்கிய ஃபுல்டன் கவுண்டிக்கு 6 யூனிட். மூன்று பட்டிக்காட்டுக் கவுண்டிகளைப் பிடித்தால் அட்லாண்டாவுக்குச் சரியாகப் போயிற்று. சின்னக் கவுண்டிகளில் 103-ஐ ஜெயித்தால் 206 வந்துவிடும். மாநிலத்தில் வேறெங்கும் ஒரு ஓட்டுகூட வேண்டாம். நகரத்தில் எத்தனை ஆயிரம் ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அதே 6 தான், மீதி வீண். டிராம் வண்டி ஓடுகிற கவுண்டி எனக்குத் தேவையே இல்லை என்று அந்தத் தேர்தலில் நின்ற யூஜின் டால்மட்ஜ் பீற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள். அது வெறும் வாய்ச்சவடால் அல்ல, கூட்டல் கணக்கு.

இன்னொரு வேலையும் நடந்தது. உட்கட்சித் தேர்தலில் கறுப்பினத்தவருக்கு இருந்த தடை, கொலம்பஸ் நகரின் பிரைமஸ் கிங் தொடுத்த வழக்கால் அந்த ஆண்டுதான் முடிவாக விழுந்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல் வாக்காளராகப் பதிவு செய்தார்கள். ஆனால் ஒருவரின் தகுதியை இன்னொருவர் ஆட்சேபிக்கச் சட்டத்தில் வழி இருந்தது. டால்மட்ஜ் ஆட்கள் ஆட்சேபணைப் படிவங்களைக் கட்டுக்கட்டாக அச்சடித்துப் பல கவுண்டிகளுக்கு அனுப்பினார்கள். சின்னக் கவுண்டியில் சில நூறு பெயர்களை அடித்தாலே 2 யூனிட் கை மாறிவிடும்.

ஜூலை 17 முடிவு: ஜேம்ஸ் கார்மைக்கேல் 313,389 ஓட்டு, டால்மட்ஜ் 297,245, ரிவர்ஸ் 69,489. பதினாறாயிரம் ஓட்டு முந்திய கார்மைக்கேலுக்கு 146 யூனிட். பிந்திய டால்மட்ஜுக்கு 242.

நவம்பரில் போட்டியின்றி வென்ற டால்மட்ஜ், பதவியேற்குமுன் டிசம்பர் 21-ல் காலமானார். அவர் உடல்நிலை தெரிந்த சகாக்கள், வாக்குச்சீட்டில் மகன் ஹெர்மன் பெயரைக் கையால் எழுதிப் போடும்படி முன்பே சிலருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால், அதிக ஓட்டு பெற்று உயிரோடிருக்கும் இருவரில் ஒருவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கலாம் என்பது அரசியல் சட்டம். கையால் எழுதிய ஓட்டுகளை எண்ணியபோது கார்மைக்கேல் 669, குடியரசுக் கட்சிக்காரர் போவர்ஸ் 637, ஹெர்மன் 617. மூன்றாமிடம்! உடனே சொந்தக் கவுண்டியான டெல்ஃபேரிலிருந்து 58 ஓட்டு ‘அகப்பட்டது’, 675 ஆயிற்று. அட்லாண்டா ஜர்னல் நிருபர் ஜார்ஜ் குட்வின் பின்னர் அந்த வாக்காளர் பட்டியலைப் புரட்டினார். பெயர்கள் அகரவரிசையில் வரிசை பிசகாமல் வந்து ஓட்டுப் போட்டிருந்தன, அதில் இறந்தவர்களும் உண்டு. அந்தச் செய்திக்கு 1948-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

1947 ஜனவரி 15 விடிவதற்குள் சட்டமன்றம் 161-க்கு 87 என்று ஹெர்மனைத் தேர்ந்தெடுத்தது. பழைய ஆளுநர் ஆர்னல் விலக மறுத்தார். ஹெர்மன் ஆட்கள் அலுவலகப் பூட்டை மாற்றினார்கள். துணை ஆளுநராகத் தேர்வான தாம்ப்சனும் உரிமை கோரினார். மாநில முத்திரை இல்லாமல் அரசு ஆவணம் செல்லாதே! மாநிலச் செயலர் பென் ஃபோர்ட்சன் அதைத் தம் சக்கர நாற்காலி மெத்தைக்கடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 19-ல் மாநில உச்ச நீதிமன்றம் 5-க்கு 2 என்று தீர்ப்பளித்தது. ‘உயிரோடிருக்கும்’ என்ற சொல்லை எல்லோரும் பிடித்துத் தொங்க, நீதிபதிகள் அதற்கு முந்தைய நிபந்தனையைப் பார்த்தார்கள். இறந்தவருக்குப் பெரும்பான்மை இருந்தது. ஆகவே சட்டமன்றத்துக்கு அதிகாரமே பிறக்கவில்லை. முறைப்படி அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை ஆர்னலே ஆளுநர். அவர் இதற்கிடையில் ராஜினாமா செய்துவிட்டதால் பொறுப்பு தாம்ப்சனுக்கு.

யூனிட் கணக்கை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. 1963-ல் கிரே - சாண்டர்ஸ் வழக்கில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஒழித்தது. அன்றைய நிலவரப்படி எக்கோல்ஸ் கவுண்டியில் 938 பேருக்கு ஒரு யூனிட். ஃபுல்டனில் 92,721 பேருக்கு ஒரு யூனிட்.