வயல் வெயிலில் நின்றும் வைட்டமின் டி குறைவது ஏன்? நேயர் கேள்விக்கு விளக்கம்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஐயா, நடவு, களையெடுப்பு என்று வயலில்தான் நிற்கிறேன். எடை 86 கிலோ. ரத்தம் சோதித்ததில் வைட்டமின் டி குறைவு என்கிறார்கள். அதைக் கொடுத்தால் எலிக்குக் கொழுப்பு கரைகிறதாம், மகன் செல்போனில் காட்டினான். 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் போட்டால் எடை இறங்குமா?"

தினமும் போடவே போடாதீர்கள் அம்மா. அது பெரும்பாலும் வாரம் ஒன்று என்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் எழுதித் தருவது. தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெட்டுவிடலாம்.

சரி, எலிக்கு வருவோம். நம் வரப்பில் வளை தோண்டுகிற எலி இல்லை, கூண்டில் வளர்க்கும் கறுப்புச் சுண்டெலி. அதைக் குண்டாக்க, கலோரியில் 60 சதவீதம் வரை கொழுப்பிலிருந்து வரும் தீனி கொடுப்பார்கள். பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. கூண்டுக்குள் வெயில் கிடையாது. வைட்டமின் டி முழுக்கத் தீனியில்தான், வழக்கமான கலவையில் கிலோவுக்கு 1000 யூனிட். உள்ளே எவ்வளவு போகிறது என்று துல்லியமாகத் தெரிவதால்தான் இந்த விஷயத்தில் எலியை நம்பிப் பார்க்கலாம்.

நாம் சாப்பிடும் வைட்டமின் டி அப்படியே வேலை செய்யாது. ஈரலில் ஒரு நொதி அதை முதலில் மாற்ற வேண்டும். ரத்தச் சோதனையில் அளப்பது அப்படி மாறியதைத்தான். 2019-இல் வந்த ஆய்வில், கொழுப்புத் தீனி தின்று பருத்த சுண்டெலிகளின் ஈரலில் அந்த நொதியின் வேலையே குறைந்திருந்தது. மேட்டூரைத் திறந்தாயிற்று, கல்லணைக்கும் தண்ணீர் வந்தாயிற்று, ஆனால் வாய்க்கால் மதகு பாதிதான் திறந்திருக்கிறது என்றால் கடைமடைக்கு என்ன வரும்? அதுதான் நடக்கிறது. பருமன் முந்தி, குறைவு பிந்தி.

மறுபக்கம், வைட்டமின் டி கொடுத்தால் மெலியுமா? சில எலிச் சோதனைகளில் எடை கொஞ்சம் கட்டுப்பட்டது, சிலவற்றில் ஒன்றும் ஆகவில்லை. 2009-இல் வந்த ஆய்வுகள் இன்னும் வியப்பானவை. வைட்டமின் டி-யை உணரும் ஏற்பியே இல்லாத எலிகள், கொழுப்புத் தீனி தின்றும் பருக்கவில்லை! கூடக் கொடுத்தால் மெலியும் என்ற கணக்கு அங்கேயே உடைந்துபோகிறது.

மனிதரிடமும் பார்த்திருக்கிறார்கள். 2000-இல் ஒரு ஆய்வில், ஒரே அளவு புற ஊதாக் கதிர் பட்டும், பருத்தவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி ஏறியது பருமன் இல்லாதவர்களைவிட 57 சதவீதம் குறைவு. தோலில் மூலப்பொருள் இருவருக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தது. உருவானதைக் கொழுப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது.

அப்புறம் உங்கள் வெயிலையும் சொல்ல வேண்டும். நடவுக்குப் போகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, விடியற்காலையில் இறங்கி வெயில் ஏறுமுன் கரையேறிவிடுவார்கள். உடம்புக்கு அதுதான் நல்லது. ஆனால் சாய்ந்த காலை வெயிலில் வைட்டமின் டி-க்கான கதிர் மிகக் குறைவு. 11 மணி வாக்கில் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சிறிது நேரம் வெயிலில் உட்கார்ந்தால் கொஞ்சம் உதவும்.

மருத்துவரிடம் உங்கள் எடையையும் மறக்காமல் சொல்லுங்கள். பருத்த உடம்புக்கு வழக்கத்தைவிட 2, 3 மடங்கு தேவைப்படலாம் என்று 2011-இல் வந்த ஒரு மருத்துவ வழிகாட்டுதல் சொன்னது. அளவை அவரே எழுதித் தரட்டும், 3 மாதம் கழித்து மறுபடி ரத்தம் சோதித்துப் பாருங்கள்.