தத்துப்பிள்ளையிடம் மறைக்க வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, என்னைப் பற்றி அன்பு மிகுதியால் கூடுதலாகவே சொல்லிவிட்ட வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, வெயிலைப் பாராமல் தேவகோட்டையிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் ஆச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கம். சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் கண்ட காரைக்குடியில், தத்துக்கொடுத்த பிள்ளையைப் பெற்றவள் பின்தொடர்ந்து வரும் ஒரு தொலைக்காட்சித் திகில் படத்தைப் பற்றிப் பேச இடங்கொடுத்தமைக்கு நன்றி. கதையின் அமைப்பு, பின்தொடரும் குற்றம், தத்துப்பிள்ளையின் உரிமை ஆகிய மூன்றையும் பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென்றே எடுத்துத் தமிழில் மொழிமாற்றம் செய்த அந்தப் படத்தைக் கானாடுகாத்தானில் உறவினர் வீட்டு வளவில் அமர்ந்து பார்த்தேன். அருகில் ஓர் ஆச்சி சீப்புச் சீடைக்கு மாவை அழுத்திச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கையும் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. "இந்தப் பொம்பளதான் பெத்தவ, அடுத்து வேலைக்காரியா வீட்டுக்குள்ள வருவா" என்றார்கள், வந்தாள். "இனி நாயைக் காணாது" என்றார்கள், காணவில்லை. "கடைசியில அடுப்படியில கத்தியத் தூக்குவா, போலீசு பிந்தி வரும்" என்றதும் அப்படியே நடந்தது. ஆனால் பெற்றவள் பள்ளிக்கூட வாசலில் மறைந்து நின்று குழந்தையைப் பார்க்கும் காட்சியில் மட்டும் ஆச்சியின் விரல்கள் நின்றுவிட்டன. "பெத்தவ ஏன் ஒளிஞ்சு நிக்கணும்? முகப்புல வந்து உக்காரச் சொல்ல மாட்டாகளா?" என்று கேட்டார்கள். தம் இரண்டாவது மகனைப் பங்காளி வீட்டுக்குத் தத்துப்பிள்ளையாக விட்டவர்கள் அவர்கள். அந்த வீட்டு விசேடங்களுக்கெல்லாம் முன்வாசல் வழியாகவே போய்வருபவர்கள்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அந்தப் பித்தைக் கொலைவெறியாக்கிக் காசு பார்க்கிறது இந்தப் படம். நகரத்தார் மரபில் நம் கோயில் பிரிவையே சேர்ந்த குடும்பத்திலிருந்துதான் பிள்ளை கூட்டுகிறோம், அதாவது தத்தெடுக்கிறோம். பெற்றவர் யாரென்பது ஊரறிந்த செய்தி. சிறுகூடல்பட்டியில் பிறந்த கவியரசர் கண்ணதாசனும் காரைக்குடிக்குத் தத்து வந்தவர்தாமே!

பின்தொடர்வது தாய்ப்பாசம் ஆகாது. இந்தியாவின் இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 78-ஆம் பிரிவு அதற்கு முதல் முறை மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. ஆயினும் ஆண் பெண்ணைப் பின்தொடர்வதை மட்டுமே அப்பிரிவு குறிப்பிடுகிறது. அக்குறையைப் பிறிதொரு மேடையில் விரித்துரைப்பேன்; இன்று என் மனம் குழந்தைகளிடமே நிற்கிறது.

ஏனெனில், இன்று காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் வழியே தத்தெடுக்கும் பெற்றோரில் எத்தனையோ பேர், இத்தகைய படங்களைப் பார்த்து அஞ்சிக் குழந்தையிடம் உண்மையை மறைக்கிறார்கள். சட்டமோ அவர்களை நட்டாற்றில் விடவில்லை. குழந்தையைப் பெற்றுத் தத்துக்கென ஒப்படைத்தவர்கள் மறுபரிசீலனை செய்ய 2 மாத அவகாசம் பெறுகிறார்கள். அதன் பிறகே அக்குழந்தை தத்துக்கு உரியதாகிறது. 2022-ஆம் ஆண்டு தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, 18 வயது நிறைந்த பிள்ளை தன் பிறப்பின் வேரைத் தேடித் தானே விண்ணப்பிக்கலாம். மூன்றாம் நபர் தேட முடியாது. பெயர் வெளிவர வேண்டாமென்று கேட்டிருந்த தாயின் இசைவையும் பெற்றாக வேண்டும். பெற்ற மனம் பித்து என்று அஞ்சுவோருக்கு இதைவிட என்ன காப்பு வேண்டும்? அயலார் வாயால் கேட்டு அதிர்வதற்கு முன், பள்ளியில் சேர்க்கும் வயதிலேயே மடியில் வைத்து நீங்களே சொல்லிவிடுங்கள்.

தலைவர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம்: அந்த ஒழுங்குமுறைகளை எளிய தமிழில் அச்சிட்டு, 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் சேர்த்து, இந்த நூலக முகப்பில் வைக்க இசைவு தாருங்கள். அச்சுக்கூலியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.