தோடம்பழமும் வாய்க்காலும்

நேயர்களுக்கு வணக்கம். கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் படிக்கிற பிள்ளைகள் சிலர் ஆற்று வடிநிலத் தண்ணீர் ஆளுகையை ஆய்வுக்கு எடுக்கிறார்கள். அவர்களை எப்படிப் பழக்குவது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஆற்று வடிநிலம் என்றால் பெரிய சொல்லாகத் தோன்றும். வவுனியாப் பக்கம் பெய்த மழை கனகராயன் ஆற்றில் இறங்கி, இரணைமடுக் குளத்தில் தேங்கி, மிஞ்சியது வான் என்கிற மிகைநீர் வழியால் பாய்ந்து சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகிறதே, அந்த ஆற்றுக்கு மழைநீர் வடிகிற நிலம் முழுக்க அதுதான். அந்தத் தண்ணீர் யாருக்கு, எவ்வளவு, எப்போது, அதை யார் முடிவெடுப்பது என்பதுதான் ஆளுகை.

பிள்ளைகள் எடுத்த உடனே கேள்விக்கொத்தோடு போகிறார்கள். "தண்ணீர் போதுமா?" குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற துருசுக்குக் கிட்ட வயல் உள்ளவர் போதும் என்பார். வாய்க்கால் கடைசியில் உள்ளவர் போதாது என்பார். இரண்டும் உண்மை. அதனால்தான் சொல்கிறேன், முதலில் அளக்க வேணும், பிறகு கேட்க வேணும்.

கருவி இல்லையே என்று நிற்கத் தேவையில்லை. ஒரு தோடம்பழம் போதும். வளைவில்லாத, புல் மண்டாத 10 மீற்றர் வாய்க்காலில் இரு முனையிலும் தடி நடுங்கள். மேல் தடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே பழத்தை விடுங்கள். விட்ட உடனே அது தண்ணீரின் வேகத்தைப் பிடிக்காது. ஏன் தோடம்பழம்? அது தாழ்ந்து மிதக்கும், காற்று தள்ளாது. காய்ந்த இலையைப் போட்டால் காற்றைத்தான் அளந்து வருவீர்கள். ஐந்து தரம் விட்டு, சராசரி 25 செக்கன் என்றால் வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர். மேலே ஓடுகிற வேகம் அடியில் இருக்காது, ஆகவே 0.85 ஆல் பெருக்க 0.34. வாய்க்கால் 1.5 மீற்றர் அகலம், 40 சென்ரிமீற்றர் ஆழம் என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 200 லீற்றர். அதாவது 7 கியூசெக், செக்கனுக்கு 7 கன அடி. ஒரு முழு நாள் ஓடினால் 14 ஏக்கர் அடி, அதாவது 14 ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கிற தண்ணீர்.

ஆழத்தை நடுவில் மட்டும் அளந்தால் கணக்குக் கூடிப்போகும். குறுக்கே ஐந்து இடத்தில் அளந்து சராசரி எடுக்க வேணும்.

அன்றைக்கே கடைசி வாய்க்காலிலும் பழத்தை விடுங்கள். மேலே 200, கீழே 60 என்றால் மற்ற 140 எங்கே? கிளை வாய்க்கால்களில் பிரிந்தது ஒரு பங்கு, மண்ணில் ஊறியது ஒரு பங்கு, இடையில் கரையைக் குடைந்து வைத்த குழாய், இரவில் தூக்கிவிட்ட, தண்ணீரை மறிக்கிற பலகை. கரையோடு நடந்தால்தான் தெரியும். நடந்த பிறகு கேள்வியே மாறிவிடும்: "அண்ணை, இந்தக் குழாய் எந்தப் போகத்திலே வந்தது? கூட்டத்திலே கதைச்சீங்களா?" இப்படிக் கேட்டால் பதில் வரும்.

மழை குறைந்த காலத்துச் சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கும் பிள்ளைகள் போக வேணும். குளத்தில் இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கிற இடம் அது. யார் கதைத்தார், யார் கதைக்காமலே எழும்பிப் போனார் என்பதையும் எழுதுங்கள்.

இன்னொன்று. 200 ஏக்கர் வரை பாய்கிற சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு, பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பு. மேலே உள்ள சிறு குளம் வான் பாய்ந்தால் தண்ணீர் கீழே உள்ள பெரிய குளத்துக்கு வரும், பதிவு வராது. இரண்டு கந்தோருக்கும் போக வேணும்.

இரணைமடுவுக்குக் கீழே வந்த 2018 மார்கழி வெள்ளத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் போய்விட்டது. ஒன்று மட்டும்: வெள்ளத்தை ஆராய்கிறபோது குளத்தின் நீர்மட்டத்தையும் வான்கதவு திறந்த நேரத்தையும் மணிக்கு மணி ஒரே தாளில் எழுதுங்கள். கீழ் ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய நேரத்தை அங்குள்ள சனத்திடம் கேட்டு, அதே தாளில் பக்கத்திலே எழுதுங்கள். வணக்கம்.