பத்தடி நீளத்துக்குள் நாலு பேர்: மினி கார் உருவான விதம்

[திரையில்: 1956, பிரிட்டன், பெட்ரோல் பங்க்]

சூயஸ் கால்வாய்ச் சிக்கலால் 1956 டிசம்பரில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. குமிழி மாதிரி இருக்கும் குட்டி 'பபிள்' கார்கள் விற்றுத் தீர்ந்தன. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கார் நிறுவனத் தலைவர் லியோனார்ட் லார்டுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. 'உருப்படியான சின்ன கார் ஒன்று வேண்டும்' என்று 1957-இல் கார் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸிடம் வேலையை ஒப்படைத்தார். நிபந்தனை: புது எஞ்சின் கிடையாது, கைவசமுள்ள ஏ-சீரிஸ்தான்.

[வரைபடம்: மேலிருந்து பார்த்த கார்]

மொத்த நீளம் 10 அடி. அதில் 6 அடி ஆட்களுக்கு. நாலு சிலிண்டர் எஞ்சினை நெடுக்காக வைத்தால் இந்தக் கணக்கு உதைக்கும். குறுக்கே திருப்பலாம், ஆனால் பக்கவாட்டில் கியர்பாக்ஸை மாட்ட அகலம் போதாது. அதனால் கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில், ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குள்ளேயே இறக்கிவிட்டார். இரண்டுக்கும் ஒரே ஆயில். துணிச்சலான முடிவுதான், அதன் விலையைப் பிறகு பார்ப்போம்.

சக்கரம் வெறும் 10 அங்குலம். அதற்கென டன்லப் தனியாக டயர் செய்தது. சஸ்பென்ஷனில் இரும்பு ஸ்பிரிங் இல்லை. பொறியாளர் அலெக்ஸ் மோல்டனின் ரப்பர் கூம்புகள். ஏன்? காரின் எடையே சுமார் 600 கிலோ. நாலு பேர் ஏறினால் பாரம் பெருமளவு கூடிவிடும். ரப்பரோ அமுங்க அமுங்க இறுகும். இடமும் குறைவாகவே பிடிக்கும்.

[திரையில்: சோதனை ஓட்டம்]

சோதனை வண்டியில் 948 சிசி எஞ்சின் மணிக்கு 90 மைலைத் தொட்டது. சாதாரணக் குடும்பத்துக்கு இது அதிகம் என்று 848 சிசியாகக் குறைத்தார்கள், 34 குதிரைத்திறன்.

முதலில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் காரின் முன்பக்க கிரில்லைப் பார்த்து இருந்தது. ஈரமான குளிர்காற்று நேரே அடித்ததில் உள்ளே பனி உறைந்தது. எஞ்சினையே முன்பின்னாகத் திருப்பினார்கள். உறைவது நின்றது, ஆனால் இப்போது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேரே வந்துவிட்டது. மழையில் போனால் தண்ணீர் தெறித்து எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கும், சில சமயம் நின்றே போகும்.

இன்னொன்று, தரைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பு தப்பான பக்கம் பார்த்திருந்தது. சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே உள்ளே ஏறி, கால்மிதி ஊறும். 1959 ஆகஸ்ட் 26 அன்று அறிமுகமான பிறகுதான் இது பெரிய தலைவலியானது. தகடு படியும் திசையை மாற்றித்தான் தீர்த்தார்கள்.

[நெருக்கக் காட்சி: காந்த முனையுள்ள சம்ப் பிளக்]

கியர் பற்கள் ஆயிலை அரைத்துக்கொண்டே இருப்பதால் அது சீக்கிரம் பிசுபிசுப்பை இழக்கும். பழைய மினி வைத்திருப்பவர்கள் 3,000 மைலுக்கு ஒருமுறை 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில் மாற்றுவது இதனால்தான். கியர் ஆயில் ஊற்றவே கூடாது. ஆயிலை வடிக்கும்போது பிளக்கின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிற மசி ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் துகள் வந்தால் கியர்பாக்ஸைப் பிரித்தாக வேண்டும். அதற்கு எஞ்சினையும் சேர்த்தே இறக்கணும்.